மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தந்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு கிடைத்தது. அதுவும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற வேண்டுமானால் இன்டெல் கணினியில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய எத்தனையோ சிபியு பெட்டிகள் இதனால் காலாவதியாகிவிட்டன. ஆடிட்டர் அலுவலகம், மருந்துக்கடை, அச்சகம், ஜெராக்ஸ் கடை, வீட்டில் பிள்ளைகளின் படிப்பு மேசை என்று எங்கும் ஒரே கேள்வி: இதை எடுத்துவிட்டு எதை வைப்பது? கடைக்காரர்களும் இப்போது முழங்கால் உயரப் பெட்டியை விட்டுவிட்டு, மானிட்டரின் முதுகில் மாட்டக்கூடிய சின்னப் பெட்டியைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள்.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மினி கணினி வாங்குபவர்களில் பெரும்பாலோர் அளவையும் பிராசஸரின் பெயரையும் பார்த்து மயங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, மூடியைத் திறந்தால் உள்ளே எதையெல்லாம் நம் கையால் அல்லது பக்கத்துத் தெரு மெக்கானிக் கையால் மாற்ற முடியும் என்பதைத்தான். ரேம், எஸ்எஸ்டி, ஃபேன், அடாப்டர் ஆகிய நான்கும் மாற்றத்தக்கவையாக இருந்தால் அந்தப் பெட்டி பத்தாண்டு உழைக்கும். நான்கும் ஒட்டியும் பூட்டியும் கிடந்தால், ஒன்று பழுதானாலே மொத்தமும் போயிற்று. நம் ஊரில் கணினி என்பது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் பொருள் இல்லை. அதனால் இந்த வேறுபாடு பணத்தில் தெரியும்.

இந்தச் சின்னப் பெட்டிகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் இன்றைய சந்தையின் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். 2005 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் 499 டாலர் விலையில் மேக் மினியை அறிமுகப்படுத்தினார். ஆறரை அங்குலச் சதுரம், இரண்டு அங்குல உயரம். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எதுவும் உடன் வராது. உங்களிடம் இருப்பதை மாட்டிக்கொள்ள வேண்டும். விண்டோஸ் உலகில் இந்த வடிவம் நிலைபெற்றது 2012-ல். அந்த ஆண்டு லெனோவோ தன் திங்க்சென்டர் வரிசையில் ‘டைனி’ என்ற மாடலைக் கொண்டுவந்தது. இன்டெல், நான்கு அங்குலச் சதுர போர்டின் மேல் ‘நக்’ என்ற பெட்டியை எழுப்பியது. 2014-ல் எச்பியும் டெல்லும் தங்கள் அலுவலகக் கணினிகளை அதே அளவுக்குச் சுருக்கின. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிராசஸரும் லேப்டாப்புக்கான சிறிய ரேமும் போதுமான வேகத்தை எட்டிவிட்டன. பேட்டரியும் திரையும் இல்லாத லேப்டாப் என்று மினி கணினியை நினைத்துக்கொண்டால் அதன் பலமும் பலவீனமும் தாமாகவே விளங்கும்.

இன்டெல் 2023 ஜூலையில் நக் தொழிலில் நேரடி முதலீட்டை நிறுத்திக்கொண்டது. உற்பத்தியும் ஆதரவும் ஆசஸ் வசம் போயின. பெரிய பெயர் என்பதாலேயே ஒரு பொருள் தொடர்ந்து வரும் என்று நம்ப முடியாது என்பதற்கு அது ஒரு சான்று.

மினி கணினி யாருக்கு வேண்டாம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். அடிக்கடி வெளியூர் போகிறவருக்கும், ஒரே அறையில் இடம் மாறி மாறிப் படிக்கும் பிள்ளைக்கும் லேப்டாப்தான். விலையை ஒப்பிடும்போது கூட்டிப் பார்க்க மறக்கக் கூடாது: வீட்டில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யூபிஎஸ் எதுவுமே இல்லையென்றால், இவற்றையும் சேர்த்து வாங்கும்போது மினி கணினியின் மொத்தச் செலவு ஒரு சாதாரண லேப்டாப்பை நெருங்கிவிடும். கனமான விளையாட்டுகள் ஆட வேண்டும், பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட வேண்டும் என்பவருக்குப் பழையபடி டவர் பெட்டியே சரி. மினி கணினி பொருந்துவது, பழைய மானிட்டரும் கீபோர்டும் ஏற்கெனவே இருக்கிற மேசைக்கு; இடம் குறைந்த கல்லாப் பெட்டி ஓரத்துக்கு; இரவு பகலாக ஓட வேண்டிய ஒரு மூலைக்கு.

சந்தையில் கிடைப்பவற்றை நான்கு குடும்பங்களாகப் பிரிக்கலாம். முதலாவது, பெரிய நிறுவனங்கள் அலுவலகங்களுக்கென்றே செய்யும் ‘ஒரு லிட்டர்’ பெட்டிகள். கொள்ளளவு ஏறத்தாழ ஒரு லிட்டர் என்பதால் இந்தப் பெயர். லெனோவோ டைனியின் அளவு ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் சதுரம், தடிமன் மூன்றரை சென்டிமீட்டர். தட்டையான டிபன் டப்பா மாதிரி இருக்கும். இரண்டாவது, இன்டெல் என்100 போன்ற சிக்கன பிராசஸர் வைத்து எண்ணற்ற சீன நிறுவனங்கள் விற்கும் மலிவுப் பெட்டிகள். மூன்றாவது, ஏஎம்டி ரைசனோ இன்டெல்லின் உயர்ரக லேப்டாப் பிராசஸரோ வைத்த வேகப் பெட்டிகள். நான்காவது, ஆப்பிளின் மேக் மினி. ராஸ்பெரி பை போன்ற கையளவு போர்டுகளும் இருக்கின்றன; நிரல் எழுதக் கற்கும் மாணவருக்கு அருமையானவை. ஆனால் விண்டோஸ் கணக்கு மென்பொருளை நம்பியிருக்கும் மேசைக்கு அவை மாற்று இல்லை.

முதல் குடும்பத்தைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும். காரணம், நம் சிறு கடைகளுக்கும் நடுத்தர வீடுகளுக்கும் ஏற்ற நல்ல பேரம் அங்கேதான் இருக்கிறது. ஐடி நிறுவனங்களும் வங்கிகளும் கணினிகளைக் குத்தகைக்கு எடுத்து, சில ஆண்டுகளில் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. அவை சென்னை ரிச்சி தெரு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, டெல்லி நேரு பிளேஸ் போன்ற சந்தைகளுக்கு வந்து சேருகின்றன. ஏசி அறையில் எக்செல்லும் மின்னஞ்சலும் மட்டுமே பார்த்த பெட்டிகள் பல. புதியதின் விலையில் ஒரு பங்குக்கே கிடைக்கும்.

அதில் எதை எடுப்பது? விற்பவர் ‘ஐ5 சார்’ என்று மட்டும் சொன்னால் அது பாதித் தகவல்கூட இல்லை. ஐ5 என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். 6500டி என்றால் ஆறாம் தலைமுறை, 7500டி என்றால் ஏழாம் தலைமுறை. இரண்டிலும் விண்டோஸ் 11-க்கு முறையான ஆதரவு கிடையாது. 8500டி என்றால் எட்டாம் தலைமுறை. நான்கு கோர் ஆறாக உயர்ந்ததும் அந்தத் தலைமுறையில்தான். எண்ணுக்குப் பின்னால் வரும் ‘டி’ என்ற எழுத்து, அது 35 வாட் அளவுக்கு வடிவமைக்கப்பட்டது என்பதைக் காட்டும். மாடல் பெயரிலேயே இந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கலாம். எச்பியில் ஜி3 வரை பழையது, ஜி4 முதல் எட்டாம் தலைமுறை. டெல் ஆப்டிபிளெக்ஸில் 3050, 5050, 7050 பழையவை. 3060, 5060, 7060 எட்டாம் தலைமுறை. லெனோவோவில் எம்710கியூ பழையது, எம்720கியூ புதியது. வெளித்தோற்றத்தில் இவற்றுக்குள் பெரிய வேறுபாடு தெரியாது. விலையிலும் சில நேரம் தெரியாது. ஏமாற்றம் நடப்பது இந்த இடத்தில்தான்.

கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். இந்தப் பெட்டிகளில் பின்பக்கம் ஒரே ஒரு திருகுதான். அதைக் கழற்றி மூடியை முன்னால் தள்ளினால் வந்துவிடும். ஹார்டுடிஸ்க் தட்டையும் தேவைப்பட்டால் ஃபேனையும் தூக்கினால் இரண்டு ரேம் பள்ளங்கள், கட்டைவிரல் அகலத்தில் எம்.2 எஸ்எஸ்டி இடம், வைஃபை கார்டு இடம் எல்லாம் தெரியும். லெனோவோவில் ரேமும் எஸ்எஸ்டியும் அடிப்பக்கத் தகட்டுக்குக் கீழே இருக்கும். ஃபேன் இறக்கைகளில் தூசி அப்பியிருக்கிறதா, இரண்டு ரேம் பள்ளங்களிலும் துண்டு இருக்கிறதா, எஸ்எஸ்டி பெயருள்ள நிறுவனத்தினுடையதா, வைஃபை கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கடைசிச் சங்கதியைப் பலர் வீட்டுக்குப் போன பிறகுதான் கவனிக்கிறார்கள். அலுவலகங்கள் கேபிள் வழியே இணையம் கொடுப்பதால், வைஃபை கார்டும் ஆன்டெனாவும் இல்லாமலே வந்த பெட்டிகள் நிறைய. தனியாகப் பொருத்தலாம், இல்லையென்றால் யூஎஸ்பி டாங்கிள் வாங்கலாம். ஆனால் அந்தச் செலவைப் பேரத்துக்கு முன்னாலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னும் மூன்று பொறிகள் உண்டு. ஒன்று, பின்பக்க வெளியீடு. அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் எச்டிஎம்ஐ இருக்காது, இரண்டு டிஸ்பிளே போர்ட் மட்டும் இருக்கும். வீட்டு டிவியில் மாட்ட மாற்றுக் கேபிள் வேண்டும். அந்தத் தலைமுறையில் எச்டிஎம்ஐ இருந்தாலும் 4கே திரையில் பெரும்பாலும் நொடிக்கு 30 படம்தான் வரும். 60 வேண்டுமானால் டிஸ்பிளே போர்ட் வழியாகத்தான். இரண்டு, பயாஸ் கடவுச்சொல். பழைய நிறுவனம் பூட்டியதைத் திறக்காமலே விற்றுவிட்டால் பிறகு பெரும் தொல்லை. கடையில் இயக்கி, பயாஸ் திரைக்குள் போய்ப் பார்த்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும். மூன்று, அடாப்டர். லெனோவோவுக்கு 20 வோல்ட், செவ்வக முனை. டெல்லுக்கும் எச்பிக்கும் 19.5 வோல்ட், நடுவில் ஊசி உள்ள வட்ட முனை. டெல் பெட்டி தன் அடாப்டரை அடையாளம் காணாவிட்டால் எச்சரித்துவிட்டு பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘மெஷின் ரொம்ப ஸ்லோ’ என்று புகார் வரும்போது, குற்றவாளி சில நேரம் கடைக்காரர் சேர்த்துக் கொடுத்த பொருந்தாத அடாப்டராக இருக்கும். அசல் அடாப்டர் கேளுங்கள், அதன் வாட் அளவைப் படியுங்கள்.

இரண்டாவது குடும்பத்துக்கு வருவோம். என்100 என்ற பிராசஸர் 2023 தொடக்கத்தில் வந்தது. நான்கு கோர், ஆறு வாட். மொத்த வேகத்தில் ஏறக்குறைய பழைய ஐ5-6500 அளவுக்கு நிற்கிறது. இணையம், அலுவலக வேலை, யூடியூப், இணைய வகுப்பு எல்லாம் தாராளமாக நடக்கும். ஏவி1 என்ற புதிய காணொளி வடிவத்தைத் தன் வன்பொருளிலேயே அவிழ்க்கும் திறன் இதற்கு உண்டு. எட்டாம் தலைமுறை ஐ5-க்கு அது கிடையாது. டிவிக்குக் கீழே வைக்கவும், கண்காணிப்பு கேமராப் பதிவுக்கும், வீட்டுக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் சர்வராகவும் இதைவிடச் சிக்கனமான பெட்டி கிடைப்பது அரிது. ஆனால் இதன் ரேம் ஒரே தடத்தில்தான் ஓடும். நாற்பது டேப் திறந்து வைத்து, டேலியும் எக்செல்லும் ஓட்டி, பக்கத்தில் வீடியோ அழைப்பும் பேசுபவருக்கு ஆறு கோர் ஐ5-8500டி தெளிவாக மேல். புதுப் பெட்டி, பளபளப்பு, ஒரு வருட உத்தரவாதம் என்ற மூன்றையும் தாண்டி இதைப் பார்க்க வேண்டும்.

மலிவுப் பெட்டிகளில் என்னைக் கவலைப்பட வைப்பது வேகத்தைவிட நம்பிக்கைதான். 2024 தொடக்கத்தில் ஒரு சீன நிறுவனத்தின் சில மினி கணினிகள், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தகவல் திருடும் நிரலுடன் வந்தது அம்பலமானது. அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. உள்ளே இருக்கும் விண்டோஸும் சில நேரம் பெருநிறுவனங்களுக்கான தொகுதி உரிமத்தில் இயக்கப்பட்டதாக இருக்கும். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால், ‘உங்கள் நிறுவனத்தின் செயலாக்கச் சேவை மூலம்’ என்ற பொருளில் ஒரு வரி தெரியும். தனிமனிதர் வாங்கிய பெட்டியில் அந்த வரி இருக்கக் கூடாது. புதியதோ பழையதோ, எந்தப் பெட்டியும் வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸையோ லினக்ஸையோ புதிதாக ஏற்றுவது. வங்கிக் கடவுச்சொல் தட்டப்போகும் கணினி அது. இதில் சோம்பல் கூடாது.

மூன்றாவது குடும்பத்தில் பெயர்கள்தான் பெரிய வலை. ரைசன் 7 5700யூ என்றும் ரைசன் 7 5800யூ என்றும் இரண்டு பிராசஸர்கள். அடுத்தடுத்த எண்கள் என்பதால் அண்ணன் தம்பி போலத் தோன்றும். முதலாவது ஜென் 2 என்ற பழைய வடிவம். இரண்டாவது ஜென் 3. ரைசன் 5 7520யூ என்பது பெயரில் ஏழாயிரம் வரிசை, உள்ளே மறுபடியும் ஜென் 2. 7735எச்எஸ் என்பது ஜென் 3-இன் சற்று மேம்பட்ட வடிவம். ஜென் 4 வேண்டுமானால் 7840எச்எஸ், 8845எச்எஸ் பக்கம் போக வேண்டும். எண் பெரிதாக இருந்தால் புதியது என்ற கணக்கு இங்கே செல்லாது. வீடியோ தொகுப்பு, புகைப்படத் திருத்தம், மிதமான விளையாட்டு ஆகியவற்றுக்கு இந்தப் பெட்டிகள் நன்றாக உழைக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினி, படம் வரையும் வேலைக்கும் ரேமைத்தான் கடன் வாங்குகிறது. 16 ஜிபி ஒரே துண்டாக இருப்பதைவிட 8 ஜிபி இரண்டு துண்டாக இருந்தால் கிராஃபிக்ஸ் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி கூடும். சில மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்த வகையை எடுப்பதானால் இன்றைய தேவைக்கு மேல் ஒரு படி கூட்டியே எடுக்க வேண்டும். வீட்டிலேயே பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை ஓட்டும் 128 ஜிபி பெட்டிகளும் 2025-ல் வந்துவிட்டன. அவை ஆய்வாளர்களின் கருவி. கடைக் கணக்குக்கு வேண்டாம்.

மேக் மினியை நான் மதிக்கிறேன். 2024 நவம்பரில் வந்த எம்4 மாடல் ஐந்து அங்குலச் சதுரமாகச் சுருங்கியது. தொடக்க நிலையிலேயே 16 ஜிபி ரேம். இந்தியாவில் அறிமுக விலை 59,900 ரூபாய். சும்மா இருக்கும்போது சுமார் 4 வாட்தான் எடுக்கும். வெளியே தொங்கும் அடாப்டர் கிடையாது. சத்தம் அநேகமாகக் கேட்காது. இசைப்பதிவு, வீடியோ, வடிவமைப்பு என்று பிழைப்பவருக்கு அந்த விலைக்கு இணை சொல்வது கடினம். ஆனால் ரேமை எந்நாளும் கூட்ட முடியாது. தொடக்க மாடலின் 256 ஜிபி சேமிப்பு சீக்கிரம் நிரம்பும். ஆப்பிளிடமே கூட்டி வாங்கினால் விலை எகிறும். வெளியில் ஒரு எஸ்எஸ்டி மாட்டிக்கொள்வதே புத்திசாலித்தனம். வழக்கமான யூஎஸ்பி துளை ஒன்றுகூட இல்லை, எல்லாம் சி வகை. இதற்கெல்லாம் மேலே, டேலி மேக்கில் நேரடியாக ஓடாது. ஜிஎஸ்டி, வருமான வரி என்று டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை நம்பியிருக்கும் அலுவலகத்துக்கு விண்டோஸே நிம்மதி.

அந்தக் கையெழுத்து டோக்கனிலிருந்தே துளைகளைப் பற்றிப் பேசலாம். ஒரு வரி ஆலோசகரின் மேசையை நினைத்துப் பாருங்கள்: கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், ஸ்கேனர், டோக்கன், வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவ். ஆறு ஆயிற்று. இ-சேவை மையமென்றால் கைரேகைக் கருவியும் வெப்கேமராவும் சேரும். மலிவுப் பெட்டிகள் சிலவற்றில் மொத்தம் நான்கே துளைகள். ஹப் மாட்டலாம், மாட்டினால் கீபோர்டையும் மவுஸையும் அதில் போட்டு, டோக்கனையும் கைரேகைக் கருவியையும் பெட்டியில் நேரடியாகச் செருகுவது நல்லது. எடைமேடை, தராசு போன்றவற்றை இணைக்கும் பழைய சீரியல் துளை வேண்டுமென்றால் அலுவலகப் பெட்டிகளில்தான் தேட வேண்டும். பல மாடல்களில் அது விருப்பத் துணைப்பொருளாக உண்டு. மானிட்டரின் முதுகில் மாட்ட நினைப்பவர்கள், பின்னால் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு துளைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சில மானிட்டர்களில் அந்தத் துளைகளைத் தாங்கியே பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது மாட்ட இடமே இருக்காது.

வெயிலைப் பற்றிப் பேசாமல் நம் ஊருக்குக் கணினி பரிந்துரைக்க முடியாது. வெளிநாட்டு மதிப்புரைகள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் எழுதப்படுபவை. பிராசஸரின் சூடு எப்போதும் அறையின் சூட்டுக்கு மேல்தான் ஏறும். 25 டிகிரி அறையில் 80 டிகிரியைத் தொடும் பெட்டி, மே மாத வேலூரில் 38 டிகிரி அறையில் 90-ஐத் தாண்டும். 100-ஐ நெருங்கியதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். சின்னப் பெட்டியில் சின்ன ஃபேன், அதனால் இந்த எல்லை சீக்கிரம் வரும். விளம்பரத்தில் போடும் உச்ச வேகம் சில நொடிகளுக்கானது. அரைமணி நேரம் தொடர்ந்து வீடியோ ஏற்றுமதி செய்யும்போது எவ்வளவு நிற்கிறது என்பதே உண்மையான வேகம். ஏசி இல்லாத கடைக்கு 45 வாட் பிராசஸரைத் திணித்த பெட்டியைவிட 35 வாட் அலுவலகப் பெட்டி மேல் என்பேன். ஆண்டுக்கு இருமுறை மூடியைத் திறந்து தூசி தட்டுங்கள். ஐந்தாறு ஆண்டு ஓடிய பழைய பெட்டி வாங்கினால், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை முதல் நாளே மாற்றச் சொல்லுங்கள். மாவு மில், மரப்பட்டறை போன்ற இடங்களுக்கு ஃபேனே இல்லாத, உடல் முழுக்க உலோக மடிப்பு வைத்த பெட்டிகள் உண்டு. அவற்றைக் காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் வைத்தால் பயன் கெடும்.

மின்சாரச் சிக்கனம் பற்றிய பேச்சில் கொஞ்சம் மிகை இருக்கிறது. சராசரியாக 60 வாட் எடுக்கும் பழைய டவர் பெட்டிக்கும் 12 வாட் எடுக்கும் மினி கணினிக்கும் 48 வாட் வித்தியாசம். நாளுக்கு மூன்று மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்தில் ஒன்பது யூனிட்கூட மிச்சமாகாது. அதற்காகப் பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. இரவு பகலாக ஓட்டினால் கதை வேறு: டவர் இரண்டு மாதத்தில் 86 யூனிட்டைத் தின்னும், மினி 17 யூனிட்டோடு நிற்கும். மின்வாரியம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த வேறுபாட்டின் கனம் புரியும்.

உண்மையான ஆதாயம் மின்வெட்டின்போதுதான். டவர் பெட்டியைச் சில நிமிடம் தாங்கும் சின்ன யூபிஎஸ், மினி கணினியை அதைவிடப் பலமடங்கு நேரம் தாங்கும். மானிட்டரும் அதில்தான் ஓடுகிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பேட்டரி இல்லாத கணினி என்பதால் யூபிஎஸ் இல்லாமல் இதை வாங்கவே வேண்டாம். கணக்குக் கோப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் கோப்பே சிதையும். ஆளில்லாமல் ஓடும் பெட்டியென்றால், கரன்ட் வந்ததும் தானே இயங்கும்படி பயாஸில் ஒரு அமைப்பு உண்டு. அது இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரேம் எவ்வளவு? 8 ஜிபி என்பது குறைந்தபட்சம், 16 ஜிபி என்பது நிம்மதி. ஆனால் காலம் மாறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025-இன் கடைசி மாதங்களில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. மைக்ரான் நிறுவனம் தன் க்ரூஷியல் என்ற நுகர்வோர் வணிகத்திலிருந்தே விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. வெறும் பெட்டியை வாங்கி ரேமும் எஸ்எஸ்டியும் தனியே போட்டுக்கொள்வது லாபம் என்ற பழைய அறிவுரை இதனால் பல நேரம் பொருந்துவதில்லை. ரேமோடு வரும் பழைய அலுவலகப் பெட்டியின் மதிப்பு கூடியிருக்கிறது. வீட்டில் செத்துப்போன லேப்டாப் ஒன்று கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள்: அதில் கழற்றக்கூடிய டிடிஆர்4 ரேம் இருந்தால் எட்டாம் தலைமுறை ஒரு லிட்டர் பெட்டியில் அப்படியே பொருந்தும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது பற்றியும் கேட்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 3 அன்று ஒன்றிய அரசு லேப்டாப், டேப்லெட்டுடன் ‘மிகச்சிறு வடிவக் கணினி’களையும் பெயர் சொல்லி இறக்குமதிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது, எதிர்ப்பு வந்ததும் தள்ளிவைத்து, பின்னர் முன்அனுமதி முறையாக மாற்றியது. சொந்த உபயோகத்துக்கு ஒன்றைக் கூரியரில் வரவழைக்க விலக்கு உண்டு, வரி கட்ட வேண்டும். வரவழைக்கலாம், ஆனால் பழுதானால் திருப்பி அனுப்பும் செலவே பெட்டியின் விலையில் பெரும் பங்காகிவிடும். இங்கே விற்கும் புதிய பெட்டியிலும் அதன் அடாப்டரிலும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண் இருக்க வேண்டும், ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கம். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். அடாப்டரில் அந்தக் குறி இல்லாத பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். ஆளில்லாத நேரத்திலும் சுவரில் செருகிக் கிடப்பது அதுதான்.

யாராவது இன்று என்னிடம் கேட்டால் சொல்வது இதுதான்: கடைக்கும் வீட்டுக்கும் எட்டாம் தலைமுறை அல்லது பத்தாம் தலைமுறை ஐ5 உள்ள பழைய அலுவலகப் பெட்டி, 16 ஜிபி ரேம், புதிதாக ஒரு எஸ்எஸ்டி. எந்நேரமும் ஓடும் வேலைக்கு என்100. படம், பாட்டு, வடிவமைப்பு தொழிலாக இருந்தால் மேக் மினி. எதை எடுத்தாலும் ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள், பெட்டியின் அடியில் உள்ள சீரியல் எண்ணையும் பிராசஸரின் முழு எண்ணையும் உத்தரவாத நாட்களையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.